அடைத்த பாதியில் புல் வளர்ந்திருக்கிறது, அண்ணி

என் அருமை அண்ணிக்கு,

ஒரத்தநாட்டுப் பக்கம் நான்கு நாளாக நல்ல மழை. நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கில் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நிற்கிறது. இதை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வானம் பார்த்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர் நீங்கள். வந்த புதிதில், "எங்க பார்த்தாலும் நெல்லா இருக்கே, மாடு எங்க மேயும்?" என்று கேட்டீர்கள். நானும் அண்ணனும் சிரித்தோம். பிறகு வார்டு உறுப்பினராகி, அந்தப் புறம்போக்கில் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை ஆள்விட்டு வெட்டினீர்கள். அடியில் இருந்த மண், மாடுகள் மிதித்து மிதித்துச் சிமெண்டுத் தரைபோல் இறுகியிருந்தது. டிராக்டரை விட்டு உழுது தீவனப் புல் விதைக்கலாம் என்றேன்.

"உழ வேணாம் தம்பி. பழைய புல்லோட வேர் உள்ளதான் இருக்கு. மாட்டைக் கொஞ்ச நாள் வெளிய நிறுத்துங்க, மண்ணு தானா இளகும்."

இடத்தை இரண்டாகப் பிரித்தீர்கள். ஒரு பாதியில் மாடு மேயும், மறுபாதியை அடைத்து வைப்போம். மழைத்தண்ணீர் ஓடிவிடாமல் சின்னச் சின்ன வரப்பு போட்டோம். இரண்டாம் மழைக்கே பச்சை தெரிந்தது. அந்தக் காலை நீங்கள் குனிந்து புல்லைத் தடவிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆற்றில் தண்ணீர் தாமதமான அந்த வருஷம், என் வீட்டில் வைக்கோல் தீர்ந்துபோனது. அடைத்த பாதியில் என் இரண்டு பசுக்களையும் ஓட்டிவிட்டேன். நீங்கள் வந்து பார்த்தபோது புல் வேரோடு போயிருந்தது.

"கௌதாரி முட்டை வச்சிருந்துச்சு தம்பி" என்றீர்கள். மாட்டின் குளம்படியில் நொறுங்கிய ஓடுகள் கிடந்தன.

"உங்களுக்கு அந்தப் பறவைதான் பெருசா? என் மாடு பட்டினி கெடந்தா பரவாயில்லையா?" என்று கத்தினேன்.

அன்று மாலையே உங்கள் வைக்கோல் போரிலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்து என் கொட்டகையில் போட்டுவிட்டுப் போனீர்கள். ஏன் அண்ணி, ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். மறு வருஷம் நோய் உங்களைக் கொண்டுபோகும் வரைக்கும், தப்பு என்னுடையது என்று நான் சொல்லவே இல்லை.

போன மாதம் கிராம சபையில், அந்த இடத்தில் கிராவல் அடித்து அறுவடை மிஷின்களை நிறுத்தலாம் என்று பேச்சு வந்தது. "தரிசு, சும்மாதானே கெடக்கு" என்றார் ஒருவர். கூட்டத்தில் வாய் திறந்தே பழக்கமில்லாத நான் எழுந்துவிட்டேன்.

"சும்மா கெடக்கலைங்க. பாதி மேயுது, பாதி முளைக்குது. ஒரு தடவை கிராவல் அடிச்சா அந்த மண்ணு திரும்ப வராதுங்க."

மாடு வைத்திருக்கும் பெண்கள் எல்லோரும் என் பக்கம் பேசினார்கள். தீர்மானம் கைவிடப்பட்டது. இடத்தை யார் பார்த்துக்கொள்வது என்று தலைவர் கேட்டார். நான் கை தூக்கினேன்.

அண்ணனும் நானும் சேர்ந்து திரும்பினோம். வாய்க்கால் மதகு தாண்டியதும் சொன்னார்: "இதை அவ இருக்கும்போது சொல்லியிருக்கலாம்டா."

சொல்லியிருக்கலாம். இப்போது சொல்கிறேன் அண்ணி, தப்பு என்னுடையதுதான். நேற்று அடைத்த பாதிக்குள்ளிருந்து கௌதாரி கத்தியது. உள்ளே போய்ப் பார்க்கவில்லை. குஞ்சுகள் தானாக வெளியே வரும்வரை அங்கே ஒரு மாட்டையும் விட மாட்டேன். என் மாடு உட்பட.

உங்கள் கொழுந்தன்,
முருகையன்