மெலிந்தவளின் பாக்டீரியா

தங்கச்சி,

போனில் பேசினால் என் கோபம் பாதியிலேயே அழுகையாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆரியசாலை வீட்டில் நாம் ஒரே சட்டிச் சோற்றைத்தான் தின்று வளர்ந்தோம். நீ கொடியாக நின்றாய், நான் பெருத்தேன். உன் கல்யாணப் பந்தியில் எனக்கு இரண்டாம் முறை பாயசம் வந்தபோது, "அக்காவுக்கு ஊத்தாதீங்க, வாயைக் கட்டத் தெரியாது" என்று மாப்பிள்ளை வீட்டார் முன்னால் சிரித்தாய். எனக்குச் சுகர் வந்தபோதும் அதையே சொன்னாய். கால்விரலை எடுத்தபோது நீ வரவே இல்லை.

போன வாரம் டாக்டர் தன் மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "சேச்சி, தீனி மட்டுமில்ல கேட்டோ. குடல்ல இருக்கிற பாக்டீரியாவுக்கும் எடையிலயும் சுகர்லயும் பங்குண்டு."

ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம். பலன் உறுதியில்லையாம். மெலிந்த உடன்பிறப்பின் மலத்திலிருந்து பாக்டீரியாவைப் பிரித்து, மாத்திரையாக்கித் தருவார்களாம். ஆஸ்பத்திரியில் கேட்டதும் கொடுக்க நீ சம்மதித்துவிட்டாய் என்று உன் வீட்டுக்காரர் போனில் பெருமையடித்துக்கொண்டார். தியாகியாம் நீ!

நான் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். உன் வாயிலிருந்து வந்ததையெல்லாம் இத்தனை வருஷம் விழுங்கினேன். இதையும் விழுங்க என்னால் முடியாது.

இப்படிக்கு,
வாயைக் கட்டத் தெரியாத உன் அக்கா