ரெண்டில் ஒன்று

2024 ஜூன் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும்போது கரமனைச் சந்தையில் சாளை மீன் கிடைத்தது. நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன், தங்கச்சி எலிசாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள்: “அக்கா, மங்கலத்துக்கு என் கிட்னி ஒண்ணக் குடுக்கலாம்னு இருக்கேன். டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு. சேருதாம்.”

கருவேப்பிலை கேட்ட பக்கத்து வீட்டுக்கு ஒரு கொத்து ஒடித்துக் கொடுக்கிற மாதிரி!

மங்கலம் யார் எங்களுக்கு? பழவங்காடியில் எலிசாள் வேலை பார்க்கிற ஜவுளிக்கடையில் அடுத்த மேஜையில் நின்று பிளவுஸ் துணி வெட்டிக்கொடுக்கிறவள். திருநெல்வேலிப் பக்கத்துப் பிராமணப் பெண். புருஷன் கல்யாணராமன் விசேஷ வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவர். பிள்ளைகள் இல்லை. இரண்டு வருஷமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பாவம்தான், யார் இல்லை என்றது? பாவம் என்றால் ஜெபம் பண்ணலாம். கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கலாம். வயிற்றை அறுத்தா கொடுப்பார்கள்?

“உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?” என்று கத்தினேன். “எவ்வளவு தாறேன்னு சொன்னாவ?” என்றும் கேட்டுவிட்டேன்.

அதற்கு மட்டும் துருவுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “இருபது வருஷமா சண்டே ஸ்கூல்ல பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கேன், ரெண்டு வச்சிருக்கவ இல்லாதவளுக்கு ஒண்ணு குடுக்கணும்னு. சேலையத்தான் சொல்லுகேன்னு நினைச்சிட்டு இருந்தேன். எனக்குள்ளயும் ஒண்ணு ரெண்டா இருக்குல்லா அக்கா.”

அம்மா போனபோது எனக்குப் பதினேழு, இவளுக்கு ஆறு. நான் சோறூட்டி வளர்த்த உடம்பு அது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் டெஸ்ட் எடுத்திருக்கிறாள்.

ஜூன் 11, செவ்வாய்

பேசவில்லை. அவள் காப்பி போட்டு வைத்தாள். நான் தனியாகப் போட்டுக் குடித்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

இன்று நேரே மங்கலம் வீட்டுக்கே போனேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரத்தான் போனேன்.

வீடா அது? கோட்டைக்குப் பின்னால் ஒரு சந்து, சாக்கடையை ஒட்டி ஒற்றை அறை. சுவரில் பாதி உயரத்துக்கு ஈரம் ஏறியிருக்கிறது. கட்டிலில் இருந்தாள். முப்பத்தெட்டு வயசாம், என்னைவிட மூத்தவள் மாதிரி இருக்கிறாள். ஊசி குத்திக் குத்தி இடது கை கயிறு முறுக்கினதுபோல் புடைத்திருக்கிறது.

“வாங்கோ அக்கா” என்று எழுந்திருக்கப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே அவளே ஆரம்பித்தாள். “எலிசாள்ட்ட வேண்டாம்னு மூணு தரம் சொல்லிட்டேன் அக்கா. கேக்க மாட்டேங்கறா. நீங்க சொன்னாலாவது கேப்பாளோன்னு காத்துண்டிருக்கேன். அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இருந்து என்ன பிரயோஜனம்?”

கல்யாணராமன் அடுப்படியில் நின்றபடியே, “என்னோடது லாயக்கில்லேன்னுட்டா சேச்சி. ஷுகர்” என்றார். திட்டு வாங்கக் காத்திருக்கிறவர் மாதிரி தலை குனிந்திருந்தார். மங்கலத்துக்குக் கூடப் பிறந்த அண்ணன் ஒருவன் இருக்கிறானாம். டெஸ்டுக்கு வரச்சொன்ன நாளிலிருந்து போனை எடுப்பதில்லை.

சண்டைக்குப் போன இடத்தில் எதிராளி என் பக்கம் பேசினால் நான் யாரோடு சண்டை போட? கல்யாணராமன் மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் அந்த அண்ணனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஜூலை 3, புதன்

போலீஸ் விசாரணை. சொந்தக்காரர் அல்லாதவர் கொடுப்பதென்றால் வீட்டுக்கு வந்து கேட்டுத்தான் எழுதுவார்களாம். வந்தவர் சின்ன வயசுக்காரர். எல்லாம் எழுதி முடித்துவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி மலையாளத்தில் என்னிடம் கேட்டார்: “சத்யம் பற சேச்சி, எத்ற கிட்டும்?”

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கிறான்! என் வீட்டு நாற்காலியில் இருந்துகொண்டு! “எறங்கு” என்றேன். எலிசாள்தான் ஓடிவந்து, “அவர் வேலை அதுல்லா அக்கா” என்று என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

யோசித்துப் பார்த்தால் இதையேதான் அந்த முதல்நாள் நானும் எலிசாளிடம் கேட்டேன். அந்தப் பையனாவது தாழ்ந்த குரலில் கேட்டான்.

ஜூலை 14, ஞாயிறு

போதகர் ஆராதனைக்குப் பிறகு எங்களைக் கூப்பிட்டார். சந்தோஷப்பட்டார். சபையில் அறிவிக்க வேண்டும், எலிசாள் மேடையில் சாட்சி சொல்ல வேண்டும், மாத இதழில் இரண்டு பேர் போட்டோவும் போட வேண்டும் என்றார். அப்புறம் கேட்டார்: “இதுக்குப் பிறகு அந்தக் குடும்பம் நம்ம சபைக்கு வருவாங்களா?”

எலிசாள் அவ்வளவு லேசில் பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசமாட்டாள். பேசினாள்.

“ஐயா, அவ இங்க வரணும்னு குடுத்தா அது குடுக்கதா? தூண்டில்ல இரை வைக்கதுல்லா?”

அவர் முகம் சுருங்கிவிட்டது. கூட இருந்த இரண்டு சபை மூப்பர்கள் என்னைப் பார்த்தார்கள், நான் அவளை அடக்குவேன் என்று. அடக்கவில்லை. ஐம்பத்து நாலு வயசுக்குள் முதல் தடவையாக அந்தச் சபையில் எனக்குத் தலை நிமிர்ந்தது. அவள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அது வேறு.

ஆகஸ்ட் 8, வியாழன்

கிட்னி கொடுக்க அனுமதி தருகிற ஆஸ்பத்திரிக் குழு இன்றுதான் எங்களைக் கூப்பிட்டது. ஐந்து பேர், ஒரு வீடியோ கேமரா. இவர்கள் வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது. என் ஒரு வார்த்தை போதும் இதை நிறுத்த என்று பஸ்ஸில் வரும்போதே எனக்குத் தெரியும். எலிசாளுக்கும் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

“நீங்கதான் மூத்தவங்க. உங்களுக்குச் சம்மதமா?” தமிழ் தெரிந்த ஒரு டாக்டரம்மா.

“எனக்குப் பயம்” என்றேன். “உறக்கம் இல்ல. அவளுக்கு ஒண்ணு வந்தா எனக்கு வேற ஆள் இல்ல.”

“அப்போ சம்மதம் இல்லையா? பின்னால பணம், வேலை, வேற எதாவது வாக்குக் குடுத்திருக்காங்களா?”

அந்தச் சொல்லைக் கேட்டதும் வந்தது பாருங்கள் ஒரு ஆத்திரம். மேஜையில் தட்டிவிட்டேன். “எம்மா, எத்தனை பேரு இதையே கேப்பிய? வாங்கத் தெரியாத பிள்ளை அது. நான் வளத்தது, எனக்குத் தெரியாதா? எனக்குச் சம்மதம். எழுதிக்கிடுங்க!”

எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

செப்டம்பர் 4, புதன்

காலை ஏழரைக்கு இரண்டு பேரையும் உள்ளே கொண்டுபோனார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நானும் கல்யாணராமனும் ஒரே பெஞ்சில். அவர் உதடு அவருடைய சாமி பேரைச் சொல்கிறது, என் உதடு என்னுடையதை. நான் சொன்னது ஜெபமே இல்லை, சண்டை. ‘நீர் சொல்லிக் கொடுத்ததைத்தானே செய்கிறாள்? அப்படியானால் நீரே பொறுப்பு. எனக்கு அவள் முழுசாகத் திரும்பி வரவேண்டும், கேட்டீரா?’

ஒன்றரை மணிக்கு டாக்டர் வந்தார். இரண்டு பேரும் நலம்.

செப்டம்பர் 5, வியாழன்

மங்கலத்துக்குத் தாராளமாக மூத்திரம் போகிறதாம், கிட்னி வேலை செய்கிறதாம். கல்யாணராமன் வராந்தாவில் நின்று எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். வெட்கமில்லாத மனுஷன். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மங்கலத்தை நாளை அனுப்புகிறார்கள். மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே சுத்தமான அறை, தனி கக்கூஸ் வேண்டுமாம், ஆள் நெரிசல் கூடாதாம். சின்னக் காய்ச்சல் வந்தாலும் கிட்னி போய்விடுமாம். அந்தச் சாக்கடைச் சந்துக்கு எப்படிப் போவாள்? வீட்டுக்காரர் சுண்ணாம்புகூட அடித்துத் தரமாட்டேன் என்கிறார். வேறு இரண்டு இடம் கேட்டதில், சீக்காளிக்கு வாடகைக்கு இல்லை என்றார்களாம். அண்ணன்காரன் ஒருவழியாகப் போனை எடுத்து, “இங்க இடம் பத்தாதே” என்றானாம். மாடியில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது என்கிறார் கல்யாணராமன். மனுஷனா அவன்? எல்லோரும் மனுஷரா?

எலிசாள் தையல் வலியோடு சுருண்டு படுத்திருக்கிறாள். நம் வீட்டில் பாத்ரூம் சேர்ந்த அறை ஒன்றுதான், என்னுடையது. அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்து கேட்டால்தான் என்னவாம்?

பினாயில் வாங்க வேண்டும். என் மெத்தைக்குப் புது உறை.

அக்டோபர் 20, ஞாயிறு

ஹாலில் கொசு பிடுங்குகிறது. சோபாவில் படுத்து இடுப்பு ஒடிந்துபோயிற்று. கல்யாணராமன் நாலரை மணிக்கே எழுந்து பாத்திரத்தை உருட்டுகிறார். என் அஞ்சறைப்பெட்டியை அவர் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருக்கிறார். கேட்டால், “இதுதான் சேச்சி ஒழுங்கு” என்கிறார். என் அடுக்களையில்!

சாயங்காலம் போதகர் எலிசாளைப் பார்க்க வந்தார். ஆப்பிள் கொண்டுவந்திருந்தார். பேசிக்கொண்டே இருந்தவரின் பார்வை, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே போயிற்று. கட்டிலுக்கு எதிரே சுவரில் மங்கலம் வைத்திருக்கிற சின்னப் பிள்ளையார் படம். ஆணி அடித்துக் கொடுத்தது நான்தான். அவள் கையைத் தூக்கக்கூடாது.

தொண்டையைச் செருமினார். “சிஸ்டர், உங்க ரூம்ல…”

“அது அவங்க ரூம், ஐயா” என்றேன்.

மாஸ்க் ஒன்றை எடுத்து நீட்டினேன். “போட்டுக்கிட்டு, கையைக் கழுவிட்டு உள்ள போங்க. முழிச்சுத்தான் இருக்கா. பாத்தா சந்தோஷப்படுவா.”

மாஸ்க்கை வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு குழாயடிக்குப் போனார்.