தோடி பாடி எடுத்த படம்

நேற்று இந்த அகதி முகாமில் பக்கத்துக் கொட்டிலில் அச்சாறு போட வினாகிரிப் போத்தலைத் திறந்தார்கள். படம் கழுவுகிற மருந்துக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் நீங்கள் வினாகிரி கலந்து கழுவிவிட்டு வந்து நிற்கிற அதே மணம். சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிட்டேன். எனக்கு எழுத்து அவ்வளவு வராது. என்றாலும் உங்களுக்கு எழுத வேண்டும்போல் இருக்கிறது.

கொழும்பில் இருக்கும்போது வானொலிப் பாட்டுக்காரர், நாடகக்காரர் என்று எத்தனை பேரைப் படம் எடுத்தீர்கள். பத்திரிகை அட்டையில் வந்தால் சின்னப் பிள்ளை மாதிரிக் கொண்டோடி வந்து காட்டுவீர்கள். எண்பத்துமூன்று கலவரத்தில் கமராவை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து சுன்னாகத்தில் ஸ்ரூடியோ போட்டீர்கள். திருவிழாவுக்கு வருகிற மேளக்காரர் எல்லாரும் உங்களிடம்தான் வந்தார்கள். ஆளைச் சும்மா இருத்தி எடுக்கமாட்டீர்கள். வாசிக்க வேண்டும், அல்லது பாட வேண்டும். அப்போதுதான் முகம் வரும் என்பீர்கள். பிறகு சண்டையில் பாதை பூட்டி, பிலிம் வருவதும் நின்றுபோனது.

கடைசியில் ஒரேயொரு படத்துக்குத்தான் பிலிம் இருந்தது. மகள் ஜேர்மனிக்குப் போகமுன் மூன்று பேருமாய் எடுக்க வைத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து நாதஸ்வர வித்துவான் வந்தார்.

“பல்லெல்லாம் விழுந்துபோச்சு, தம்பி. ஊதேலாது. சும்மா பிடிச்சுக்கொண்டு இருக்கிறன், எடும்.”

“சும்மா இருக்கிற ஆளை நான் எடுக்கிறேல்லை, ஐயா.”

நான் உங்களை உள்ளே கூப்பிட்டேன். “இஞ்சாருங்கோ, உது பிள்ளையோடை எடுக்க வைச்சதெல்லே?”

“பிள்ளை திரும்பி வருவாள். இந்த மனிசன் இனி வருமோ தெரியாது.”

கமராவுக்குப் பக்கத்தில் நின்று நீங்களே தோடி பாடத் தொடங்கினீர்கள். காது கொடுத்துக் கேட்க முடியாது.

“ஐயோ, என்ரை தோடியைக் கொல்லாதையும்!”

அவர் சிரித்தபடி கையைத் தூக்கி, தானே பாடிக் காட்டினார். எடுத்துவிட்டீர்கள். மகள் அழுதாள். அவள் வெளிக்கிடுமட்டும் நான் உங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அந்த மனிசன் இப்போதும் கொடிகாமத்தில் உயிரோடு இருக்கிறார். நீங்கள்தான் இடம்பெயர்ந்து வந்த வழியில், நாவற்குழிப் பாலம் தாண்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினீர்கள். எழும்பவில்லை.

அப்பாவின் படம் ஒன்று வேண்டுமாம். மகள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நான் எங்கே போவேன்? ஊரையெல்லாம் எடுத்த நீங்கள் உங்களை எடுக்க ஒருவரையும் விடவில்லை. என் உடுப்புப் பொட்டணிக்குள் நீங்கள் செருகிவிட்ட வித்துவான் படம்தான் கிடக்கிறது. கோபத்தில் அதை நான் வடிவாகப் பார்த்ததே இல்லை. நேற்றுத்தான் வெளியே எடுத்தேன். பல்லில்லாத வாய் நிறையச் சிரிப்பு. கண் கமராவைப் பார்க்கவில்லை, கொஞ்சம் விலகிப் பார்க்கிறது. படத்துக்கு வெளியே, அந்த இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள்.

மகளுக்கு இதை அனுப்பினால் விளங்காது. நான் வைத்திருக்கிறேன்.