மலைமுனையின் எண்

அன்புள்ள நண்பருக்கு,

சென்ற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, நம் பழைய கம்பெனியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி ஓசூரில் என் வீட்டுக்கு வந்தது. பேரிகைக் குடிநீர்த் திட்டத்தில் நாம் பொருத்திய இரண்டு ரேடியோக்கள். புதியவை வந்துவிட்டதால் கழற்றிவிட்டார்களாம். குன்றின்மேல் தொட்டியருகே இருந்ததைத் திறந்தேன். உள்ளே பல்லிமுட்டை ஓடுகள். வெயிலில் வெந்த பிளாஸ்டிக் வாசனை. நீங்கள் மறைந்து அன்றோடு ஏழு மாதம், நான்கு நாள்.

அவற்றைப் பொருத்திய நாளைப் புதன்கிழமை என்றே சொல்லிவந்தீர்கள். செவ்வாய், என் குறிப்பேட்டில் இருக்கிறது. நான் ஓய்வுபெறப் பதினெட்டு நாள் இருந்தது. நான் அடிவாரத்துப் பம்பு அறையில், நீங்கள் குன்றின்மேல். தொட்டியின் நீர்மட்டத்தை உங்கள் ரேடியோ அனுப்ப, என்னுடையது வாங்கிப் பம்பை நிறுத்த வேண்டும். இரண்டிலும் ஒரே நெட்வொர்க் எண் இருந்தால்தான் ஒன்றையொன்று கேட்கும். தாளில் நான் எழுதித் தந்த எண் 27. இணைப்பு வரவில்லை. மேலாளர் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"சார், உங்க ஸ்கிரீன்ல என்னா நம்பர் இருக்குதுன்னு படிங்க," என்றீர்கள் போனில்.

"இருபத்தேழு. எழுதிக் குடுத்ததே நான்தானே? உங்க பக்கத்தைப் பாருங்க."

காற்றின் இரைச்சலோடு நீங்கள் தாளைப் பிரிக்கும் ஓசை கேட்டது. "ஆமா சார், என் பக்கந்தான் தப்பு. இருங்க."

பத்து நிமிடத்தில், நீங்கள் எப்போதும் அனுப்பும் சோதனை வரி என் திரையில் வந்து விழுந்தது. ஆங்கில எழுத்தில் உங்கள் கன்னடம்: "ஊட்ட ஆய்த்தா?" சாப்பாடு ஆயிற்றா என்று.

"ரெண்டு நம்பரைப் பாத்து அடிக்கத் தெரியல, இவரு அஞ்செட்டி வேலையைத் தனியா பாக்கப் போறாராக்கும்!" என்று மேலாளர் அந்த வேலைக்கான பட்டியலில் உங்கள் பெயரைக் கோடிட்டு அடித்தார். நீங்கள் இரண்டு ஆண்டுகள் கேட்டு வாங்கிய பொறுப்பு அது. "தவறு: மலைமுனை" என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டவன் நான். இறங்கி வந்து அதைப் படித்துச் சிரித்தீர்கள். "மணியைக்கூட நிமிஷத்தோட போட்டிருக்கீங்களே சார்!"

வியாழனன்று இரண்டையும் மேசையில் வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு மடிக்கணினியில் மாட்டினேன். என் ரேடியோவில் 72. அன்று நான்தான் எண்ணைப் புரட்டி அடித்துவிட்டு, போனில் திரையைப் படிக்காமல் தாளைப் படித்திருக்கிறேன். உங்களுடையதிலும் 72. மூடியின் உட்புறம் ஒட்டிய காகிதத்தில் உங்கள் சாய்ந்த கையெழுத்து: "72. மாத்த வேண்டாம். கீழேயும் இதான்."

என்னை நன்கு அறிந்தவர், 27-ஐப் புரட்டி 72 போட்டுப் பார்த்திருப்பீர்கள். அதன்பின் ஒன்பது ஆண்டுகள், ஞாயிறுதோறும் என் வீட்டில் காபி குடித்தீர்கள். ஒரு சொல் சொல்லவில்லை. அஞ்செட்டிச் சாலையில் பேருந்து போவதைப் பார்த்தால் மட்டும் பேச்சை நிறுத்துவீர்கள். அது ஏனென்று நான் கேட்டதில்லை.

"தவறு என் பக்கம்" என்று என் முனையில் அடித்தேன். ஒரு முழத்துக்கு அப்பால், உங்கள் முனையில் அது எழுத்துப் பிசகாமல் வந்து நின்றது. எண்ணை நான் மாற்றவில்லை. உங்கள் வரி வரும் என்பதுபோல என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி பிற்பகல் ஒன்று நாற்பது.

நான் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை, நண்பரே.