மணலில் போட்ட வீடு

சிம்மக்கல் ஆற்றங்கரை, மதுரை
14-2-1979

அன்புள்ள மச்சானுக்கு,

ஜெயக்கொடி எழுதுவது. நலம். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

எங்கள் குடிசைகளை எடுத்துவிட்டுக் கட்டப்போகும் வீடுகளுக்கு உங்கள் ஆபீசில் வரைந்த படம் வந்தது. இங்கே வந்த அதிகாரி ஒருவர் அதை மாட்டிவிட்டு, யோசனை சொல்லுங்கள் என்றார். ஒருத்திக்கும் புரியவில்லை. பக்கத்துக் குடிசைச் சீனியம்மாள் மதினிதான், "தாள்ல என்னத்தடி தெரியுது? மணல்ல போடுங்க" என்றாள். கோலப்பொடியால் ஆற்று மணலில் நிஜ அளவுக்கே ஒரு வீடு போட்டோம். மதினி படுத்துக் காலை நீட்டினாள். தலை சுவர்க் கோட்டைத் தாண்டி அடுத்த வீட்டில்! அம்புட்டுச் சிரிப்பு.

பிறகு நாங்களே மாற்றிப் போட்டோம். எட்டெட்டு வீடு, வாசலெல்லாம் நடு முற்றத்தைப் பார்த்து. நாங்கள் மார்க்கெட்டுக்குச் சுமை தூக்கப் போனால் பிள்ளைகளை யாராவது பார்க்க வேண்டாமா? இப்படித்தான் வேண்டும் என்று எண்பது பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறோம். வரைவது நீங்கள்தானே, அப்படியே வரையுங்கள்.

நீங்கள் சென்னைக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம். மணல் வீட்டில் உங்களுக்கும் இடம் விட்டுத்தான் படுத்துப் பார்த்தேன்.

ஜெயக்கொடி

சென்னை
3-3-1979

அன்பு ஜெயக்கொடி,

கடிதத்தை நாலு தரம் படித்தேன். முற்றத்தோடு வரைந்து இங்கே எங்கள் அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். வரையும்போதெல்லாம் எந்த வாசலில் நீ நிற்பாய் என்றே யோசனை. திட்டம் முடிவானால் எனக்கு மதுரைக்கு மாற்றல் தருவதாகச் சொல்கிறார். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

முத்திருளன்

மதுரை
20-4-1979

மச்சானுக்கு,

முடிவான படம் வந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக அதே வீடுகள். முற்றம் இல்லை. பின்னால் எங்கள் எண்பது கையெழுத்தையும் 'குடியிருப்போர் சம்மதம்' என்று சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். படத்தின் மூலையில், வரைந்தவர் என்று உங்கள் கையெழுத்து.

"ஒம் புருசனுக்குத் தெரியாமலா நடந்துச்சு?" என்கிறாள் மதினி. தெரியாது என்று ஒரு வரி எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டு ஊரோடு சண்டை போடுவேன்.

ஜெயக்கொடி

சென்னை
27-4-1979

ஜெயக்கொடி,

தெரியும். முற்றம் வைத்தால் வீடுகளின் எண்ணிக்கை குறையும் என்று அதிகாரி மாற்றி வரையச் சொன்னார். இல்லாவிட்டால் மாற்றல் கிடையாது என்றார். வெறும் கோடுதானே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உன்னோடு இருக்கத்தான் கையெழுத்துப் போட்டேன். மாற்றல் வந்துவிட்டது. மே 7, திங்கட்கிழமை காலை ரயிலில் வருகிறேன்.

முத்திருளன்

மதுரை
1-5-1979

மச்சானுக்கு,

மாற்றல் என்று படித்ததும் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். அது பொய்யில்லை.

கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்திருக்கிறோம். முதல் பெயர் என்னுடையது. அதே திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. நாங்கள் எந்தப் படத்துக்குக் கையெழுத்துப் போட்டோம் என்று சொல்லக்கூடிய ஆபீஸ் ஆள் நீங்கள் ஒருவர்தான். சொன்னால் வேலை போகலாம். அதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ரயிலை விட்டு இறங்கி நேரே அங்கே வாருங்கள். அங்கே வராவிட்டால் இங்கேயும் வர வேண்டாம்.

வந்துவிடுங்கள் மச்சான்.

ஜெயக்கொடி