எவர்சில்வர் டப்பாவுக்குப் போட்ட கையெழுத்து

லிங்கராஜபுரம், பெங்களூர்
14.7.2025

அன்பு மகள் மோனிகாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளை சித்தார்த்தும் டப்ளினில் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் எண்ணம், இங்கே உன் நைனாவின் முட்டி வலியையும் என் கோபத்தையும் தள்ளி வைத்தால் நாங்கள் இருவரும் சுகம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நமக்கு இருப்பது இரண்டு அறை, நான் பேசுவது அவர் காதில் விழும், அவர் காதில் விழுந்தால் ஒரு மணி நேரத்தில் ரவிக்குமார் ஜெராக்ஸ் கடையில் அத்தனை பேர் காதிலும் விழும். அதுவும் போக, நீ போனை எடுத்தாலே 'டியூட்டில கீறேம்மா, சுருக்கா சொல்லு' என்கிறாய். இது சுருக்கமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. உன் சிநேகிதி நோரா லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்புகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன், உட்கார்ந்து முழுசாகப் படி.

மாதக் கடைசியில் உன் நைனாவுக்கு இரண்டு லட்சம் அனுப்பப் போகிறாயாமே. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. கண்ணாடியைக் காணோம் என்று போனை என்னிடம் நீட்டி, வந்த மெசேஜைப் படிக்கச் சொன்னார், படித்தேன். 'அம்மாகிட்ட சொல்லாதீங்க நைனா' என்று நீ எழுதியிருந்த வரியையும் விடாமல் அவருக்கே படித்துக் காட்டினேன். மனுஷன் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முட்டியைப் பிடித்துக்கொண்டார். வீடு வாங்க நீங்கள் இரண்டு பேரும் ராத்திரி டியூட்டி பார்த்துச் சேர்த்த காசு அது. அதை அந்த விளக்கு பேங்க்கில் புது ஷேர் வாங்கக் கொட்டப் போகிறாய், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்த பெண், ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றுகிறவள், புத்தியை மட்டும் விமானத்தில் விட்டுவிட்டு இறங்கிவிட்டாயா.

அந்த பேங்க்கின் லட்சணம் உனக்குத் தெரியாததா. கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடினபோது, இருபத்திரண்டு வருஷம் பூமிக்கடியில் உழைத்ததற்கு உன் நைனாவுக்குக் கொடுத்த பணத்தை அங்கேதான் போட்டோம். நம் ஜனம் பாதிப் பேர் அங்கேதான் போட்டார்கள், போர்டில் விளக்குப் படம் இருந்தது, உள்ளே தமிழில் பேசினார்கள், அது போதுமாயிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரிசர்வ் பேங்க் அதன் கையைக் கட்டிப்போட்டது. ஒன்பது லட்சத்து நாற்பதாயிரத்தில் இன்சூரன்ஸ் என்று ஐந்து லட்சம் வந்தது, மிச்சம் நாலு லட்சத்து நாற்பதாயிரம் கிணற்றில் போட்ட கல். ஷேர் பணம் இருக்கிறதே, அதற்கு அந்தக் கல்லும் இல்லை. பேங்க் மூழ்கினால் டெபாசிட் போட்டவர்கள் எல்லோருக்கும் கொடுத்து மீந்தால்தான் ஷேர்காரனுக்கு, பந்தியில் கடைசி இலை நம்முடையது. அந்த இலையைப் பெரிசாக்கத்தான் உன்னிடம் இரண்டு லட்சம் கேட்கிறார்கள்.

உன் நைனாவைக் கெடுத்தது அந்த ஜெராக்ஸ் கடை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பத்துப் பன்னிரண்டு ஷேர்காரர்கள் டீ கிளாஸோடு அங்கே கூடிவிடுகிறார்கள். ஒருவர் 'பெரிய பேங்க் ஒண்ணு நம்மள வாங்கப் போவுதாம்' என்பார், இன்னொருவர் 'தீவாளிக்குள்ள தடை எடுத்துருவாங்க, டெல்லில கீற ஆளு சொன்னான்' என்பார், எந்தத் தீபாவளி என்று ஒருத்தரும் கேட்பதில்லை, இரண்டு தீபாவளி போய்விட்டது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போச்சு. இவர்களுக்கு நாட்டாமை ஜாய்சன். அவரை உனக்கு நினைவிருக்கும், பேங்க்கில் கேஷ் கவுண்டரில் இருந்தாரே, பேங்க் தலைவருக்குக் கார் கதவு திறந்துவிடுவாரே, அவர்தான். இப்போது மீட்புக் குழுவாம். ஒவ்வொரு மெம்பரும் ஒரு லட்சம் புது ஷேர் எடுத்தால் பேங்க் எழுந்து நிற்கும், பழைய டெபாசிட்டும் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். உன் பேரிலும் உன் நைனா பேரிலும் ஒவ்வொரு லட்சம். எனக்கு வேண்டாமாம், நான் வாயாடியாம்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, ஆறாம் தேதி, அரசாங்கம் போட்ட நிர்வாக அதிகாரி மண்டபத்தில் விசேஷக் கூட்டம் வைத்தார். உன் நைனாவுக்கு முட்டி வீங்கிப் படி ஏற முடியவில்லை. என்னைப் போகச் சொன்னார், 'நீ ஒண்ணும் பேசாத, ஜாய்சன் கை தூக்கச் சொன்னா தூக்கிட்டு வந்துரு' என்றார். தையல் மெஷின் கடனுக்காக என்னையும் மெம்பராக்கியது அவர்தானே, எனக்கும் ஒரு ஓட்டு இருக்கிறதே. போனேன். ஜாய்சன் மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரம் பேசினார், பழசையெல்லாம் மறந்து ஒற்றுமையாக இருக்க வேண்டுமாம். எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து, பேங்க்கை மூழ்கடித்த அந்தப் பதினாலு கோடி கடனை யார் கொடுத்தது, தலைவரின் மச்சான் கட்டின கட்டடத்துக்கு எந்தத் தைரியத்தில் கொடுத்தீர்கள், ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று அள்ளி ஊற்றிவிட்டு இப்போது எங்களிடம் கையேந்துகிறீர்களா என்று கேட்டேன். இரண்டு பேர் கைதட்டினார்கள். அதிகாரி கன்னடக்காரர், நல்ல மாதிரி, 'கூகாட பேடி அம்மா' என்று கத்த வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, 2019 மகாசபை மினிட்ஸ் புத்தகத்தைப் பிரித்தார். அந்தக் கடனை டைரக்டர்கள் தனியாகக் கொடுக்கவில்லையாம், செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி மகாசபையே அங்கீகரித்ததாம், நேரில் வந்திருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் கையெழுத்து கீழே இருக்கிறதாம். வாசித்தார். இருநூற்றாறு சுப்பராயன். இருநூற்றேழு ரஞ்சிதம். இருநூற்றெட்டு மோனிகா. நீங்கள் மூன்று பேரும் ஒப்புக்கொண்டுதானே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றார். மண்டபமே சிரித்தது, ஜாய்சன் எல்லோரையும்விட சத்தமாகச் சிரித்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

இனி எழுதப் போவதை என் வாயால் உன்னிடம் சொல்ல முடியாது, அதனால்தான் கடிதம். மகாசபைக்கு நாம் எப்படிப் போவோம் என்று உனக்குத் தெரியும். வாசலில் மேஜை, மேஜைமேல் ரிஜிஸ்டர், கையெழுத்துப் போட்டால் டிபன் பொட்டலமும் ஒரு எவர்சில்வர் பாத்திரமும். வாங்கிக்கொண்டு அப்படியே வீட்டுக்கு. உள்ளே யார் என்ன பேசினார்கள் என்று எட்டிப் பார்த்ததுகூட இல்லை, மண்டபத்தில் நாற்காலி காலியாக இருக்கும், வாசலில் வரிசை தெருமுனை வரைக்கும் இருக்கும். உனக்குப் பதினெட்டு வயதானதும் உன்னையும் மெம்பராகச் சேர்த்தது எதற்கு, மூன்றாவது பாத்திரத்துக்குத்தான். நீ அயர்லாந்து போன பிறகும் அந்த மூன்றாவது பாத்திரத்தை விட எனக்கு மனசு வரவில்லை. 'பொண்ணு வந்துக்கினு கீறா' என்று சொல்லி உன் கையெழுத்தை நானே போட்டேன். ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை. உன் மார்க் ஷீட்டில் இருப்பது போல அந்த ‘மோ’வைச் சுழித்துப் போடப் பழகிக்கொண்டேன், பெருமையாகக்கூட இருந்தது. யார் குடி கெட்டது, ஒரு டப்பாதானே என்று நினைத்தேன். நம் குடிதான் கெட்டது. நீ அங்கே மழையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது, இங்கே நீ நேரில் வந்து தலைவரின் மச்சானுக்குப் பதினாலு கோடி கொடுங்கள் என்று சம்மதித்ததாகப் புத்தகத்தில் இருக்கிறது.

மண்டபத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜாய்சன், சரி, புது ஷேருக்கு ஆதரவானவர்கள் கை தூக்குங்கள் என்றார், கைகள் எழுந்தன. அப்போது எனக்கு வந்தது வெட்கமா கோபமா என்று இன்றைக்கும் தெரியவில்லை, எழுந்து, அந்த இருநூற்றெட்டு என் மகள் இல்லை, நான், என் மகள் அன்றைக்கு அயர்லாந்தில் இருந்தாள், பாத்திரத்துக்காகப் பொய்க் கையெழுத்துப் போட்டேன், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் மெல்ல எழுந்து, தன் மனைவி அந்த வருஷம் உயிரோடே இல்லை, அவள் பேரிலும் பாத்திரம் வாங்கினேன் என்றார். அப்புறம் சவுதியில் இருக்கும் மகனுக்காக ஒருவர், ஓசூரில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்காக ஒருவர் என்று பத்தொன்பது பேர் எழுந்தார்கள். தூக்கின கைகள் இறங்கிவிட்டன. அதிகாரி பேனாவை எடுத்தார். அந்த மகாசபை செல்லுபடியாக முந்நூறு பேராவது நேரில் இருந்திருக்க வேண்டுமாம். பதின்மூன்று கையெழுத்துப் பொய் என்று நிரூபணமானால் அந்தத் தீர்மானம் போகும், தீர்மானம் போனால் அந்தக் கடனுக்கு டைரக்டர்களே பொறுப்பு, அவர்கள் சொத்தில் கை வைக்கலாம். ஆனால் மண்டபத்தில் சொன்னது சொன்னதாகாது, ஒவ்வொருவரும் ஆதாரத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். இரண்டு வருஷமாக ஜெராக்ஸ் கடையில் பேசிப் பேசிக் கிடைக்காத வழி இது ஒன்றுதான் மோனி.

மறுநாள் காலையிலேயே அந்தப் பத்தொன்பது பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போன் செய்து, என் பேரை இழுக்காதீங்கக்கா என்கிறார்கள். ஜாய்சன் வீட்டுக்கே வந்தார். நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே, 'அக்கா, எழுதிக் குடுத்தா போர்ஜரி கேஸ் மொதல்ல உங்க மேலதான் பாயும், இந்த வயசுல ஸ்டேஷன் படி ஏறணுமா' என்று சிரித்தார். உன் நைனா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார், அதுதான் எனக்கு வயிறு எரிகிறது. அந்த ஆள் போனதும் 'ஊரே திருடின்னு சொல்லும், சும்னே கெட' என்று என் வாயை அடைத்தார். அதற்கு மேல் இந்த வாரம் முழுக்க என்னோடு பேசுவதில்லை, சோறு மட்டும் கேட்காமல் சாப்பிடுகிறார். அதிகாரியிடம் நானே போய்க் கேட்டேன், கேஸ் வருமா என்று. வராது என்று தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது, முதலில் ஒருவர் கொடுத்தால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும் என்று மட்டும் சொன்னார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜாய்சன் என் காபியைக் குடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு பயத்தைவிடப் பெரிசாக இருக்கிறது.

ஆகவே கேள். ஒரு ரூபாய்கூட அனுப்பாதே. அனுப்பினால் நான் உன் நைனாவோடு அல்ல, உன்னோடுதான் பேசமாட்டேன். எனக்கு வேண்டியது உன் பாஸ்போர்ட்டின் நகல். 2017 பிப்ரவரியில் நீ கிளம்பியபோது பெங்களூர் ஏர்போர்ட்டில் குத்தின முத்திரையும், 2019 டிசம்பரில் முதல் தடவையாக வந்தபோது குத்தின முத்திரையும் இருக்கிற பக்கங்கள், அவ்வளவுதான். கூடவே, அந்தக் கையெழுத்து என்னுடையது அல்ல என்று நீ ஒரு வரி எழுத வேண்டும். அது உன் அம்மா மேல் நீ எழுதுகிற புகார், அதைத் தெரிந்துகொண்டே கேட்கிறேன். மாப்பிள்ளையிடமும் கலந்துகொள், அவர் வேண்டாம் என்றால் அவரை நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

குளிர் வந்தால் காதை மூடிக்கொள், இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், சண்டை போட்டாலும் ஒரே வேளையில் சமாதானம் ஆகிவிடுங்கள், எங்களைப் போல வாரக் கணக்கில் இழுக்காதீர்கள். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, யாருக்கும் தலைகுனியாமல் வாழ வேண்டும் என்று உங்கள் இருவர் தலையிலும் கை வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். மறக்காமல் ஒன்று செய். அந்த டிசம்பரில் வந்தபோது இரண்டடுக்கு டிபன் டப்பா ஒன்றை ஆசையாக எடுத்துக்கொண்டு போனாயே, டியூட்டிக்கு அதில்தான் சோறு கொண்டுபோகிறேன் என்று போட்டோகூட அனுப்பினாயே, அதன் மூடியைத் திருப்பிப் பார், பேங்க் பேரும் 22.9.2019 என்ற தேதியும் வெட்டியிருக்கும். அந்தத் தேதியை உன் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு முடிவு செய். ஐந்து தடவை உன்னைக் கேட்காமல் உன் கையெழுத்தைப் போட்டேன், இந்த ஒரு தடவை கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சு. ரஞ்சிதம்