மார்கரெட்டின் முன்னால் மண்டியிட்டவள்

ஜூன் 11
கோலார் டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது. இனி பெங்களூர் ரயிலே கூடாது. எட்டாம் மாதம். ஆய்வின் கடைசி அத்தியாயத்தை ஸ்கெலட்டன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் படுத்தபடியேதான் எழுத வேண்டும்.

ஜூன் 14
நான் ஆராயும் ஓவியத்தின் பிரதியைக் கணவர் பிரசாந்த் கட்டிலுக்கு எதிரே ஒட்டிக்கொடுத்தார். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய இத்தாலியச் சீமாட்டி, மண்டியிட்டு. பின்னால் புனித மார்கரெட், ஒரு கை அவள் தோளில். காலடியில் டிராகன். அது விழுங்கியும் வயிற்றைக் கிழித்துக்கொண்டு முழுசாக வெளியே வந்தவள் மார்கரெட். அதனால் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் காவல். சீமாட்டி சுகப்பிரசவம் வேண்டுகிறாள் என்று எழுதினேன்.

பிரசாந்தின் அம்மா எட்டிப் பார்த்தார். “இன்னா அன்பு இது, பாம்ப மிதிச்சிகினு நிக்கிறா! எந்நேரமும் இதையே பாத்துகினு இருந்தா வயித்துப் புள்ளைக்கு ஆவுமா? கழட்டு.”

கழற்றவில்லை.

ஜூன் 19
நெறியாளர் ஜெயசீலி மேடம் போனில்: “நல்லா வந்திருக்கு. ஆனா ஜன்னல்ல அணைஞ்ச மெழுகுவத்தி இருக்கே, அத ஏம்மா விட்டுட்ட?”

விடிந்ததும் அணைத்திருப்பார்கள் என்றேன்.

“வெளிய இருட்டா இருக்கு, அன்பு.”

ஜூன் 20
எனக்குத் தெரியாதா? முதல் நாளே தெரியும். அணைந்த மெழுகுவத்தி என்றால் முடிந்துபோன உயிர். ஓரத்தில் புருஷன் கறுப்பு உடையில் நிற்கிறான். அவளையே பார்க்கிறான். அவள் யாரையும் பார்க்கவில்லை. இறந்துபோன மனைவிக்காக வரையச் சொன்ன படம்.

எழுதினா நடந்துடுமா இன்னா? படிச்சவ பேசுற பேச்சா இது? — பயமா இருக்கு.

ஜூன் 22
எழுதவில்லை.

ஜூன் 24
எழுதினேன். ‘இவள் பிரசவத்தில் இறந்தவள். புனிதை இங்கே காக்க நிற்கவில்லை, கூட்டிப்போக நிற்கிறாள்.’ என் பயத்துக்காக அவள் சாவை மறைக்க முடியாது. மேடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூலை 3
இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. அனுப்பிய மறுநாளே ரத்தம் கொட்டியது. கார் பின்சீட்டில் ஒரே நினைப்பு — எழுதினதாலயா? நான் எழுதினதாலயா? “எதாச்சும் பேசிகினே இரு அன்பு,” என்று பிரசாந்த் அழுதுகொண்டே வந்தார்.

பெண். கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறாள். என் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இனி இவள் ஒருத்திதான். இவள் நிலைக்க வேண்டும்.

ஜூலை 24
குழந்தையை வார்டில் என் பக்கத்திலேயே படுக்கவைத்துவிட்டார்கள். பால் குடிக்கிறாள். நான்தான் கண்மூடாமல் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மேடம் பெங்களூரிலிருந்து வந்தார். அத்தியாயத்தைப் பற்றி ஆரம்பித்தேன். “அதெல்லாம் அப்புறம்,” என்று குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். “நான் பாத்துக்கறேன். நீ தூங்கு.”

தூங்கினேன்.